டிரைவரின் மணிக்கணக்கு யார் கையில்?

(கொழிஞ்சாம்பாறையில் நடைபெற்ற சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



லாரி விபத்துகளைப் பற்றிப் பேசும்படி சங்கம் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறது. நான் லாரி ஓட்டியவன் அல்ல. ரயில்வே குட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. வேகனிலிருந்து இறங்கும் அரிசி, உரம், சிமெண்ட் மூட்டைகளை ஏற்றிப்போக வருகிற லாரிகளோடுதான் என் பகல் பொழுது கழிகிறது. ஆகவே ஸ்டியரிங் பிடித்தவர் பேசுவதைப் போல என்னால் பேச முடியாது. பேரேட்டில் மணியைக் குறிக்கிறவன் பேசுவதைப் போலத்தான் பேச முடியும். இன்றைக்கு அந்தப் பேச்சுதான் தேவை என்றும் நினைக்கிறேன்.

குட்ஸ் ஷெட்டில் ஒரு ரேக் வந்து நின்றால், எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு வந்தது என்று எழுதுகிறோம். சரக்கை இறக்க வியாபாரிக்கு இத்தனை மணி நேரம் என்று கெடு உண்டு. கெடு தாண்டினால் வேகன் ஒன்றுக்கு, மணி ஒன்றுக்கு இவ்வளவு என்று டெமரேஜ். இறக்கிய மூட்டையை அகற்றாமல் போட்டு வைத்தால் அதற்கு வார்ஃபேஜ் தனி. எவ்வளவு பெரிய கம்பெனியானாலும் கட்டித்தான் ஆக வேண்டும். ஒரு இரும்புப் பெட்டி சும்மா நின்றால்கூட அதற்கு விலை இருக்கிறது.

அதே ஷெட்டின் வாசலில் காலை ஆறு மணிக்கு லாரியைக் கொண்டுவந்து போடுகிற டிரைவர் சாயங்காலம் வரை நிற்கிறார். தூங்க வழியில்லை. வரிசை நகர்ந்தால் வண்டியை நகர்த்த வேண்டும். டீசல் டேங்கின்மேல் ஒரு கண் வேண்டும். மூட்டை எண்ண வேண்டும், தார்ப்பாய் இழுத்துக் கட்ட வேண்டும். இருட்டிய பிறகு பில் கைக்கு வருகிறது. உடனே போன் அடிக்கிறது: "விடியறதுக்குள்ள சேர்ந்துடணும்ணே, பார்ட்டி காத்துக்கிட்டிருக்கு." அவர் காத்திருந்த அந்தப் பன்னிரண்டு மணி நேரம் எந்தப் பேரேட்டிலும் இல்லை. வண்டி நின்றதற்கு ஹால்டிங் என்று ஏதாவது கிடைத்தால் அது பெரும்பாலும் ஓனரோடு நின்றுவிடும்.

சட்டமே இதற்கு வழி வைத்திருக்கிறது தோழர்களே. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நல்ல சட்டம்தான். நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. நெடுந்தூர வண்டிக்கு அனுமதி பெற்று நீட்டினாலும் நாளைக்கு 10 மணிக்கும் வாரத்துக்கு 54 மணிக்கும் மேல் கூடாது. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணி ஓய்வு கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. ஆனால் வேலை நேரம் என்றால் என்ன என்று விளக்கிய இடத்தில், வண்டி புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் சும்மா காத்திருப்பது பதினைந்து நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால்தான் வேலைக் கணக்கில் சேரும் என்று எழுதிவிட்டார்கள். பத்து நிமிடம் காத்திருந்தால் வேலை. பத்து மணி நேரம் காத்திருந்தால் ஓய்வு! இதை எழுதிய கனவான் எந்த லோடிங் பாயிண்டில் போய் ஓய்வெடுத்தாரோ தெரியவில்லை.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. 5 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தும். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் நம் பக்கத்திலும் ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருக்கிற ஓனர்கள் எத்தனை பேர்? பாதிப்பேர் தாமே ஓட்டிக் கடன் கட்டுகிறவர்கள். அவர்களிடம் சட்டம் எட்டிப் பார்த்ததே இல்லை. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டமும் போய், தொழிலிடப் பாதுகாப்பு பற்றிய புதிய சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. ஓட்டையை அடைத்தார்களா என்றால், 5 என்று இருந்ததை 10 ஆக்கியிருக்கிறார்கள். காத்திருக்கும் நேரத்துக்கு அதே பதினைந்து நிமிட விளக்கம்தான்.

இந்தக் காத்திருப்பு எங்கே போய் முடிகிறது என்பதைப் பார்ப்போம். 2020 பிப்ரவரி 20. விடியற்காலை. பெங்களூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு வந்துகொண்டிருந்த கேரள அரசு பஸ்ஸின்மேல், அவிநாசி அருகே, இங்கிருந்து டைல்ஸ் ஏற்றிப்போன கண்டெய்னர் லாரி நடுத்திட்டைத் தாண்டி வந்து மோதியது. 19 பேர் மாண்டார்கள். பஸ்ஸை ஓட்டியவரும் கண்டக்டரும் அவர்களில் உண்டு. முதலில் டயர் வெடித்தது என்றார்கள். பிறகு லாரி டிரைவர் கண்ணயர்ந்துவிட்டார் என்றது விசாரணை. டிரைவர் கைதானார். பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. யார் ஓட்டியது என்று எல்லோரும் கேட்டார்கள். எத்தனை மணி முதல் ஓட்டுகிறார், அதற்கு முந்திய இரவு எங்கே படுத்தார், லோடு ஏற எவ்வளவு நேரம் ஆயிற்று, எப்போது போய்ச் சேரச் சொல்லியிருந்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

2024 நவம்பர் 26. இதுவும் விடியற்காலை, நான்கு மணியை ஒட்டி. திருச்சூர் மாவட்டம் நாட்டிகையில், வேலை முடியாத புது நெடுஞ்சாலையில் போக்குவரத்து இல்லை என்று நம்பிப் படுத்திருந்த நாடோடிக் குடும்பத்தின்மேல் கண்ணூரிலிருந்து வந்த மர லாரி ஏறியது. 5 உயிர். இரண்டு குழந்தைகள். அவர்கள் யார் தெரியுமா? நம்முடைய கோவிந்தாபுரத்து ஆட்கள். நம் மொழி பேசுகிறவர்கள். வயிற்றுப் பிழைப்புக்குப் போன இடத்தில் நடுரோடுதான் வீடு. லாரியை ஓட்டியது கிளீனர், லைசென்ஸ் கிடையாது, இருவரும் குடித்திருந்தார்கள் என்று போலீஸ் சொன்னது.

குடிக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். இந்த மேடையில் யாரும் வாங்கக் கூடாது. குடித்துவிட்டு ஸ்டியரிங் பிடித்தவன் தொழிலாளியாக இருந்தாலும் குற்றவாளிதான். அவன் சக்கரத்தில் சிக்கியதும் தொழிலாளிதான். ஆனால் கிளீனர் கையில் ஸ்டியரிங் எப்படி வருகிறது என்பதை விடப் போவதில்லை. அந்த வழக்கைப் பற்றி அல்ல, பொதுவான வழக்கத்தைப் பற்றிப் பேசுகிறேன். நேஷனல் பர்மிட் லாரியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும், ஒருவர் காலை நீட்டிப் படுக்க இடம் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதியிலேயே இருந்தது. நடைமுறையில் பலபேர் மதிக்கவில்லை, இருந்தாலும் விதி இருந்தது. 2018 நவம்பரில் இரண்டு டிரைவர் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் லாரிகளின் பாரத்தையும் உயர்த்தினார்கள்: மூன்று அச்சு லாரிக்கு மொத்த எடை 25 டன் என்று இருந்தது 28.5 டன் ஆயிற்று. பாரம் ஏறிய வருஷத்திலேயே கை குறைந்தது. இரண்டாவது டிரைவர் போனபிறகு கண் சொருகும் நேரத்தில் அந்த ஸ்டியரிங் யாரிடம் போகும்? பேட்டா மட்டும் வாங்குகிற பையனிடம்தான் போகும். நம் வீட்டுப் பையன்கள் எத்தனைபேர் அப்படித்தான் வண்டி பழகினார்கள் என்பது இங்கே இருக்கிற தாய்மார்களுக்குத் தெரியும்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, 2024 டிசம்பர் 12. நம் பாலக்காடு மாவட்டம், கோழிக்கோடு ரோட்டில் பனயம்பாடம். பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய கரிம்பா பள்ளிக்கூடத்து எட்டாம் வகுப்புப் பெண் குழந்தைகள் நான்குபேர்மேல் சிமெண்ட் லாரி கவிழ்ந்தது. நான்கும் போயின. எதிரே வந்த லாரி உரசியதில் கட்டுப்பாடு இழந்தது என்று அந்த டிரைவரையும் பிடித்தார்கள். ஆனால் அந்த வளைவில் மழை பெய்தால் வண்டி வழுக்கும் என்று ஊர்க்காரர்கள் அதற்கு முன்பே கத்திக்கொண்டிருந்தார்கள். ரோட்டைத் திருத்த வேண்டியவர்களின் பெயர் குற்றப்பத்திரிகையில் வராது என்பது நமக்குத் தெரிந்த விஷயம்தானே.

இடுக்கித் தோழர்கள் கேட்பார்கள், எங்கள் மலையைப் பற்றி என்ன என்று. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. குமுளி மலையில் இரவெல்லாம் கம்பம் பள்ளத்தாக்குக் காய்கறியும் வாழை இலையும் ஏறுகின்றன. இந்தப் பக்கம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்தும் நாமக்கல் முட்டைக் கூண்டுகளும் அப்படித்தான்: மாலையில் லோடு, விடியுமுன் கேரளத்துச் சந்தை. ஓணம் நெருங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். கேரளத்தின் சாம்பார் நேரத்துக்குக் கொதிக்க வேண்டுமானால் தமிழ்நாட்டுச் சக்கரம் இரவு முழுக்க உருள வேண்டும். மனித உடம்பு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில்தான் படுக்கையைக் கேட்கிறது. அவிநாசியும் நாட்டிகையும் அந்த நேரத்தில் நடந்தவை.

மலை இறக்கத்தில் வேறொரு சங்கதி. கியரில் இறங்கினால் என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக்குக்கு வேலை குறைவு. நியூட்ரலில் விட்டால் மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில். சூடேறிய பிரேக் பிடிக்காது. இது ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் சிலபேர் நியூட்ரலில் இறக்குகிறார்கள்? சில ஓனர்கள் ஒரு நடைக்கு இத்தனை லிட்டர் டீசல் என்று அளந்து கொடுக்கிறார்கள். மிஞ்சினால் டிரைவருக்கு, மீறினால் பேட்டாவில் பிடித்தம். அந்த மிச்சத்துக்காகத்தான். வெளியில் இருந்து பார்க்கிறவனுக்கு இது திமிர். வீட்டில் இருந்து பார்த்தால் அது குழந்தையின் பஸ் காசு. அதற்காக நான் அதைச் சரி என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்காரர் அப்படி இறக்குகிறார் என்றால் தடுங்கள். அந்தக் காசு நமக்கு வேண்டாம்.

வாளையாற்றை விட்டுவிட்டுப் பேச முடியாது. 2017 ஜூலை 1-க்கு முன் அங்கே வணிகவரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் மைல் கணக்கில் நின்றன. சோறாக்கித் தின்று, வண்டிக்கு அடியில் படுத்து, நாள் கணக்கில் நின்றவர்கள் உண்டு. ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தச் சாவடி மூடப்பட்டது. நல்லதுதான். நின்ற நேரம் மிச்சமாயிற்றே, அது தூக்கமாக மாறியதா? மாறவில்லை. போக வேண்டிய கெடு குறுகியது. வண்டிக்கு ஒரு நடை கூடியது. மாமூலும் ஒழியவில்லை, மோட்டார் வாகனத் துறையின் எல்லைச் சாவடிகளில் 2025 ஜனவரியில் கேரள லஞ்ச ஒழிப்புத் துறையினர் புகுந்து கணக்கில் வராத பணத்தைப் பிடித்தார்கள். அந்தப் பணம் எந்தப் பாக்கெட்டிலிருந்து புறப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

ரயில்வேயில் மட்டும் எல்லாம் வாழ்கிறதா என்று சிலர் கேட்கலாம். வாழவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ரயில் ஓட்டுகிறவர் கையெழுத்துப் போட்டு ஏறுகிறார், கையெழுத்துப் போட்டு இறங்குகிறார். அந்த இரண்டு கையெழுத்துக்கும் நடுவே பத்து மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பதை 1973 ஆகஸ்டில் லோகோ தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துதான் வாங்கினார்கள். நான் அப்போது பிறக்கவில்லை, மூத்தவர்கள் சொல்லிக் கேட்டது. வாங்கியதை அரசாங்கம் ஒழுங்காகக் கொடுத்ததும் இல்லை. 2024 ஜூனில் தென்னக ரயில்வேயின் லோகோ பைலட்டுகள் வார ஓய்வுக்காக மறுபடி போராட வேண்டி வந்தது. ஆனாலும் அவர்களால் போராட முடிந்ததற்குக் காரணம், மணி எழுதப்பட்டிருந்தது. இத்தனை மணி நேரம் ஓட்டினேன் என்று தாளைக் காட்ட முடிந்தது. வாளையாறு காட்டில் யானை குறுக்கே வரும் என்று ரயிலுக்கு வேகக் கட்டுப்பாடு போட்டிருக்கிறோம். நியாயம், யானையும் உயிர்தான். இரண்டு இரவு தூங்காத லாரி டிரைவருக்கு எந்த ஊரில் என்ன கட்டுப்பாடு போட்டிருக்கிறோம்?

உலகத்தில் வழி இல்லாமல் இல்லை. ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1979-இலேயே 153-ஆம் எண் ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. தொடர்ந்து 4 மணிக்கு மேல் ஓட்டக் கூடாது, நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று அது சொல்லுகிறது. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. ஐரோப்பாவில் ஒவ்வொரு லாரியிலும் ஒரு கருவி ஓட்டிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் தானே பதிவு செய்கிறது; நான்கரை மணி ஓட்டினால் முக்கால் மணி நிறுத்தியே ஆக வேண்டும். போலீஸ்காரர் அந்தப் பதிவைத்தான் முதலில் கேட்பார். நம் நாட்டில் 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று ஆணை வந்திருக்கிறது. வரவேற்கிறோம். குளிர்ந்த அறையில் உட்கார்ந்தால் மட்டும் தூக்கம் கலையாது என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

நம் டிரைவரின் மணி எழுதப்படவில்லை என்று சொன்னேன். அதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். எழுதப்படுகிறது. பாம்பம்பள்ளம் டோலில், பன்னியங்கரையில், பாலியேக்கரையில் வண்டி நுழையும்போது பாஸ்டேக் நிமிடத்தோடு குறித்துக்கொள்கிறது. ஓனருடைய செல்போனில் ஜி.பி.எஸ். வண்டி எங்கே நின்றது, எத்தனை நேரம் நின்றது என்று காட்டுகிறது. "ஏன்டா அங்க அரை மணி நிறுத்தினே" என்று கேட்க அந்தக் கணக்கு பயன்படுகிறது. விபத்து நடந்து, டிரைவர் கூண்டில் நிற்கும்போது, இவர் பதினெட்டு மணி நேரமாக உருட்டிக்கொண்டிருந்தார் என்று காட்ட மட்டும் அந்தக் கணக்கு வெளியே வருவதில்லை. நாம்தான் வக்கீல் மூலமாக அதைக் கோர்ட்டுக்கு வரவழைக்க வேண்டும். ஓவர்லோடு வழக்கில், வண்டியில் ஓனர் இல்லையென்றாலும் அவருடைய உத்தரவின்பேரில் அல்லது அவருக்குத் தெரிந்தே நடந்தது என்று கோர்ட் அனுமானிக்கலாம் என மோட்டார் வாகனச் சட்டம் 113-ஆம் பிரிவு சொல்லுகிறது. பாரத்துக்கு உள்ள இந்த அனுமானம் மணிக்கும் வேண்டும் என்பது நம் கோரிக்கை.

தண்டனை மட்டும் வேகமாக வளருகிறது. அஜாக்கிரதையால் மரணம் என்றால் பழைய சட்டத்தில் அதிகபட்சம் 2 ஆண்டு. 2024 ஜூலை 1 முதல் 5 ஆண்டு. நிற்காமல் போய், போலீசுக்கும் சொல்லாவிட்டால் 10 ஆண்டு என்று ஒரு பிரிவைச் சேர்த்தபோதுதான் அந்த ஆண்டு ஜனவரி தொடக்கத்தில் நாடெங்கும் டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். அதன் பலனாக, சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. டிரைவர் ஓடுவது அடிக்குப் பயந்து. கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமற் போனாலன்றி அடிபட்டவருக்கு உதவியே ஆக வேண்டும் என்று 134-ஆம் பிரிவு சொல்லுகிறது. சட்டம் எழுதியவருக்கே அந்த அடி தெரிந்திருக்கிறது. ஓடினாலும் அடுத்த ஸ்டேஷனுக்கு ஓடுங்கள், ஊருக்கு ஓடாதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்.

இனித் தாய்மார்களுக்கு. ஒரு சகோதரி என்னிடம் வந்தார். கணவர் லாரியோடு போய்விட்டார். "தப்பு அவருடையதுன்னு போலீஸ் எழுதிட்டாங்க, இனி ஒண்ணும் கிடைக்காதுன்னு ஓனர் சொல்றார்ணே" என்றார். ஆறு மாதமாக அதை நம்பி வீட்டில் இருந்திருக்கிறார். கவனமாகக் கேளுங்கள். வேலையில் இருக்கும்போது டிரைவர் இறந்தால், தவறு யாருடையது என்று பார்க்காமல் கொடுக்க வேண்டிய தொழிலாளர் நஷ்டஈடு 1923-லிருந்தே இருக்கிறது. இப்போது அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்திருக்கிறது. லாரியின் இன்சூரன்சே சம்பள டிரைவருக்கும் சேர்த்துத்தான். தவறு எதிர் வண்டியுடையது என்றால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். விபத்து அவிநாசியில் நடந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். அதற்குச் சட்டத்தில் ஆறு மாதக் கெடு இருக்கிறது, காரியம் முடிந்து பதினாறாம் நாளே கிளம்புங்கள். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பதால் சங்கத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மலையாளத்தில் எழுதிய காகிதத்தில், படித்துக் காட்டாமல் தமிழில் கையெழுத்துப் போடாதீர்கள். ஓனர் பரிவோடு பத்தாயிரத்தை நீட்டி வெற்றுத் தாளைக் கொடுத்தால் கண்டிப்பாகப் போடாதீர்கள்.

இந்த நஷ்டஈட்டில் மரணத்துக்குக் கணக்கு என்னவென்றால், மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்குவது. சம்பளம் எவ்வளவு என்று காட்டத் தாள் எங்கே? பேட்டாவும் நடைக் கூலியும் கையில் வாங்கி மடியில் கட்டியவருக்குத் தாள் ஏது? மறுபடியும் நாம் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம்: எழுதவில்லை.

அதனால் சங்கம் ஒரு சின்னக் காரியம் தொடங்குகிறது. ஒரு நோட்டு. லோடுக்கு நின்ற மணி, ஏறி முடிந்த மணி, புறப்பட்ட மணி, படுத்த மணி, சேர்ந்த மணி, வாங்கிய பணம், சொன்ன கெடு, சொன்னவர் பெயர். இவ்வளவுதான். டிரைவருக்கு எழுத நேரம் இருக்காது. அவர் போனில் சொல்ல, வீட்டில் இருப்பவர் எழுத வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது. வாட்ஸப்பில் அனுப்பியதை அழிக்காதீர்கள், அதில் மணி தானே விழுகிறது. மூன்று மாத நோட்டுகளைச் சேர்த்து, எந்த லோடிங் பாயிண்டில் எத்தனை மணி நேரம் நிறுத்துகிறார்கள் என்று பட்டியல் போட்டு, பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தொழிலாளர் அதிகாரிகளிடம் கொடுக்கப் போகிறோம். காத்திருப்புக்கு டெமரேஜ் வேண்டும், அதில் பாதி டிரைவர் கைக்கு நேராக வர வேண்டும், எல்லையில் வண்டி நிறுத்திப் படுக்க இடமும் கக்கூசும் வேண்டும் என்று கேட்கப் போகிறோம்.

நோட்டு 200 வந்திருக்கிறது. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் கிளைக்காரர்கள் இப்போதே என்னிடம் வாங்கிக்கொள்ளலாம். குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் தனிக் கட்டு வைத்திருக்கிறேன். அந்தத் தோழர்கள் பஸ்ஸுக்குப் புறப்படுவதற்கு முன் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளட்டும்.